தகரத்துக்குள் வைத்த தொலைபேசி

வலது இடுப்பில், பாவாடை நாடா கட்டும் இடத்துக்குச் சற்று மேலே, அது முதன்முதலாக அதிர்ந்தபோது என் கைத்தொலைபேசி என்னிடம் இல்லை. பண்ணைப் பாலத்துக் காவலரணில் ஒரு சிப்பாய் அதைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். பற்றறி மேசையின் ஒரு மூலையிலும் போன் மற்ற மூலையிலும் கிடந்தன. உயிரில்லாத அந்தப் போன் என் இடுப்பில் மூன்று தரம் அதிர்ந்தது. நான் கையால் பொத்திப் பிடித்தேன். சட்டைத் துணிதான் கையில் வந்தது.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண், "என்னக்கா, குளவி குத்திப்போட்டுதோ?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் தொடக்கம் அது. எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது.

அதே குளவி உங்களையும் குத்தியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். போன் கையில் இல்லாவிட்டால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு எடுக்க ஏலவில்லை, குளிக்கப் போகவும் பயம் என்று சொன்னால் சனம் சிரிக்கும். நானும் ஒரு காலத்தில் சிரித்திருப்பேன். ஊரில் எனக்கு வாய்க்காரி என்று பெயர்.

நான் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவில், நாரந்தனையில் தையல் வேலை செய்கிறேன். கணவர் அருளப்பு கடற்றொழிலாளி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அம்மா நேரத்தோடு போய்விட்டதால் என்னைவிடப் பத்து வயது குறைந்த தம்பி சீலனை நான்தான் வளர்த்தேன். இடப்பெயர்வு எங்களைப் பிரித்தது. தொண்ணூற்றாறில் நானும் அருளப்புவும் தீவுக்குத் திரும்பினோம். சீலன் வன்னியில் நின்றுவிட்டான். முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்து, அங்கேயே ஒரு பெண்ணைக் கலியாணம் முடித்தான்.

சமாதான காலத்தில் வன்னிக்கான பாதை திறந்திருந்தபோது ஒருமுறை வந்தான். யாழ்ப்பாணத்தில் வாங்கிய போன் ஒன்றை என் தையல் மெசின் மீது வைத்தான்.

"இனி என்னை ஏச நீ பக்கத்தில இருக்கத் தேவையில்லை அக்கா. இதில ஏசு."

"உன்னை ஏச எனக்கு மெசினும் வேணுமோ?" என்றேன்.

அவன் வீடு முழுக்க அந்தப் போனைத் தூக்கிக்கொண்டு நடந்தான். குசினியில் கவரேஜ் இல்லை. அறையில் இல்லை. கிணற்றடியில், உடுப்புத் தோய்க்கும் கல்லின் மேல் மட்டும் ஒரு கோடு வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கல்லில் நான் உடுப்புத் தோய்க்கவில்லை. போன் அங்கேயே இருந்தது.

பாதை மீண்டும் மூடியபோது தையல் மெசினையும் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். அருளப்பு நாலு தடி நட்டு மேலே கிடுகு போட்டுத் தந்தார். சட்டை தைக்க வந்த பெண்கள், தண்ணீரும் கையோடு கிடைக்கிறது என்று பகிடி பண்ணினார்கள். மழைத் தூவானத்தில் துணி நனையும். நான் மெசினை உள்ளே எடுக்கவில்லை.

வன்னியில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. சீலன் எங்கேயாவது ஒருவரிடம் இருக்கும் செய்மதித் தொலைபேசிக்கு (கோபுரம் இல்லாமல் வானத்து வழியாகப் பேசுவது) வரிசையில் நின்று எனக்கு அழைப்பு எடுப்பான். இரண்டு நிமிடம் கிடைக்கும். எந்த நாள், எந்த நேரம் என்று அவனுக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்?

அதனால் போன் என் உடம்புக்கு வந்தது. வெளியே போகும்போது கையில் வைத்தால் வியர்க்கிறது, பைக்குள் வைத்தால் கேட்பதில்லை. சட்டை ஒவ்வொன்றிலும் வலது இடுப்புப் பக்கம் உள்ளே ஒரு பொக்கற் தைத்தேன். தையல்காரிக்கு அது பெரிய வேலையா? பதினொரு சட்டைகளுக்கும் தைத்து முடித்த அன்று கெட்டித்தனமான வேலை செய்ததாகவே நினைத்தேன். நோய்க்கு நானே வீடு கட்டிக் கொடுத்தது பிறகுதான் விளங்கியது.

மாசி மாதத்தில் ஒரு நாள் எடுத்தான். ஆறு வாரங்களுக்குப் பிறகு வந்த குரல். நான் என்ன செய்தேன்? ஏசினேன். ஏன் இவ்வளவு நாளும் எடுக்கவில்லை, அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பே இல்லையா என்று இரண்டு நிமிடத்தில் முக்கால்வாசியை நானே தின்றுவிட்டேன்.

"ஏசி முடிஞ்சுதோ? நாங்கள் இருக்கிறம் அக்கா. பிள்ளை சுகம். திரும்ப எடுப்பன்," என்றான்.

அந்தத் "திரும்ப எடுப்பன்" என் உடம்புக்குள் போய் இருந்துகொண்டது. அதன் பிறகு வந்ததுதான் காவலரணில் குத்திய குளவி.

இனிச் சொல்லப்போவதை அரை வருடம் நான் யாருக்கும் சொல்லவில்லை. அருளப்புவுக்கும் சொல்லவில்லை.

குருத்தோலை ஞாயிறன்று கோயிலில், சுவாமியார் பாடுகளின் வாசகம் வாசித்துக்கொண்டிருந்த நேரம், என் இடுப்பில் போன் உண்மையாகவே அதிர்ந்தது. மரக் கதிரையில் பட்டு அது போட்ட சத்தத்துக்கு முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரோ நம்பர் மாறி எடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அருளப்பு, "பெரிய வெள்ளிக்கும் இதைக் கொண்டு வராதை. எனக்கு மானம் போகுது," என்றார்.

எங்கள் ஊரில் பெரிய வெள்ளியன்று கோயில் மணியும் அடிக்காது. மரக்கட்டையைத் தட்டித்தான் சனத்தைக் கூப்பிடுவார்கள். மணிக்கே வாய் கட்டியிருக்கும் நாளில் என் போன் சத்தம் போடுவதா? விட்டுவிட்டுப் போவதென்று முடிவெடுத்தேன்.

எங்கே விடுவது? கல்லில் வைத்தால் வெயில், காகம். வீட்டில் ஆள் இல்லை. எங்கள் வீட்டில் முக்கியமான சாமான் வைக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கிய பெரிய பிஸ்கட் தகரம். காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், கலியாணப் பதிவு, அம்மாவின் படம் எல்லாம் அதற்குள்தான். உப்புக்காற்றில் வெளியே வைத்த கடதாசி பழுதாகிவிடும். அத்தோடு, ஓட வேண்டி வந்தால் ஒரு கையால் தூக்கலாம். இரண்டு இடப்பெயர்விலும் அந்தத் தகரம்தான் எங்களைக் காப்பாற்றியது. தீவில் எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படி ஒரு பெட்டி இருக்கும்.

போனைக் கைலேஞ்சியில் சுற்றி, உறுதிக்கு மேல் வைத்து, மூடியை இறுக்கி, தகரத்தைக் கிணற்றடிக் கல்லின் மேல் வைத்தேன். அதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு மணியில் இருந்து மூன்று மணி வரை கோயிலில் இருந்தேன். வியாகுலப் பிரசங்கம் பாடினார்கள். இடுப்பு இரண்டு தரம் அதிர்ந்தது. அங்கே போன் இல்லை என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து தகரத்தைத் திறந்தேன். தவறிய அழைப்பு ஒன்றும் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

அதன் பிறகு சீலனின் அழைப்பு வரவே இல்லை.

வைகாசியில் சண்டை முடிந்தது. தப்பி வந்தவர்கள் முகாம்களில் இருக்கிறார்கள் என்றார்கள். விசாரித்த இடங்களில் சீலனின் பெயர் இல்லை. போன் பழுதாகியிருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பார்த்துவிட்டுப் போன் நல்லாயிருக்கிறது என்றார். ஈரம் கீரம் பட்டதோ, எங்கே வைக்கிறனீங்கள் என்று கேட்டார். எப்போதும் என்னிடம்தான் இருக்கும், ஒரே ஒரு நாள் மட்டும் பிஸ்கட் தகரத்துக்குள் வைத்தேன் என்றேன்.

அவர் சிரித்தார். "தகரத்துக்குள்ள வச்சா கவரேஜ் எப்பிடி அக்கா போகும்? உங்கட தீவுப் பக்கம் வெளியிலயே ஒரு கோடுதான். கோல் வந்தாலும் வந்தது தெரியாது."

அந்தக் கடை வாசலில் எனக்கு முதல் தாக்கம் வந்தது. நெஞ்சைக் கயிற்றால் இறுக்கியது போல் இருந்தது. கை விறைத்தது. செத்துப்போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

தீவு வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. (நெஞ்சில் வயர் ஒட்டி, இதயத் துடிப்பைத் தாளில் வரைவது) எடுத்தார்கள். இதயத்தில் பிழை இல்லை என்றார்கள். பத்து நாளில் மீண்டும் வந்தது. மீண்டும் எடுத்தார்கள். மூன்றாம் தடவை அங்கிருந்த இளம் டொக்டர் துண்டு எழுதி, யாழ்ப்பாணத்தில் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். வீட்டுக்கு வந்து அருளப்புவோடு கொழுவினேன்.

"எனக்கு விசர் எண்டு எழுதி விட்டிருக்கினம்."

"விசர் எண்டு ஆர் சொன்னது? நீ குளிச்சு நாலு நாள். குசினிக்குள்ள போனா ஓடி ஓடி கிணத்தடிக்கு வாறாய். கறி மூண்டு தரம் அடிப்பிடிச்சிட்டுது. நான் ஒண்டும் கேக்கேல்லை. நாளைக்கு நானும் தொழிலுக்குப் போகேல்லை, உன்னோட வாறன்," என்றார் அவர். அருளப்பு ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அடுத்த நாள் போனோம்.

மனநலப் பிரிவின் விறாந்தையில் போட்டிருந்த வாங்குகள் நிறையச் சனம். விசர் என்று நான் நினைத்த மாதிரி ஒருவரும் இல்லை. எல்லாரும் என்னைப் போல் இருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

டொக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். அதிகம் பேசமாட்டார். எனக்குப் பதகளிப்பு நோய் (ஆபத்து கண்முன் இல்லாதபோதும் உடம்பு அதற்கு ஆயத்தமாகவே நிற்பது) என்றார். கைத்தொலைபேசியை விட்டுப் பிரிந்தால் வரும் பதகளிப்புக்குத் தன் புத்தகங்களில் இன்னும் தனிப் பெயர் இல்லை என்றும் சொன்னார். இடுப்பில் அதிர்வது மாயத் தொடுகை (இல்லாத ஒன்றைத் தோல் உணர்வது). நாய்க்குட்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது போல் தோல் காத்திருக்கிறது, அதனால் பைத்தியம் என்று ஆகாது என்றார்.

"சேவிஸ் முழுக்க நிப்பாட்டுற நாளில எப்பிடி இருப்பியள்?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். யாழ்ப்பாணம் முழுக்கத் தொலைபேசி நின்றுபோன நாள்களில் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன், படுத்தேன். ஒருவருக்கும் அழைப்பு வராத நாளில் வராமல் போவது என் பிழை அல்ல. அதை அவரிடம் சொன்னேன். அவர் கிளினிக் கொப்பியில் எதையோ எழுதினார்.

ஒரு குளிசை தந்தார். முதல் இரண்டு கிழமை வாய் காய்ந்தது, கை நடுங்கித் தையல் கோணலாகப் போனது. நிறுத்திவிட வேண்டாம் என்று நான் உங்களுக்குச் சொல்வேன். மூன்றாம் கிழமை நித்திரை வந்தது. சாந்த வழிமுறையும் (மூச்சைக் கவனித்து உடம்பை ஆறவிடும் பயிற்சி) சொல்லித் தந்தார்கள். வேதக்காரர் என்றால் செபமாலையை மெதுவாகச் சொல்லுங்கள், அதுவும் இதுதான் என்றார் தாதி. செபமாலை கையில் எடுத்தால் பெரிய வெள்ளிதான் எனக்கு முன்னால் வந்து நின்றது. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

மூன்றாம் முறை போனபோது டொக்டர் படிப்படியான எதிர்கொள்ளலைத் தொடங்கலாம் என்றார். பயப்படும் விசயத்தைச் சிறிது சிறிதாகப் பழகுவதற்குத்தான் அந்தப் பெயர்.

"முதல் நாள் அஞ்சே அஞ்சு நிமிசம் அம்மா. போனை ஒரு பெட்டிக்குள்ள வச்சு மூடிப்போட்டு, மற்ற அறையில போய் இருங்கோ."

பெட்டி என்றதும் எனக்கு மூச்சு நின்றது. அருளப்பு தோளைப் பிடித்தார். அப்போதுதான் வாய் திறந்தது. பெரிய வெள்ளி, கைலேஞ்சி, தகரம், கடைக்காரர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். என் தம்பி எடுத்திருப்பான், நான் அவனைத் தகரத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன் என்று சொன்னேன்.

டொக்டர் எழும்பிப்போய்த் தேத்தண்ணி போடும் மேசையில் இருந்த பிஸ்கட் தகரம் ஒன்றைக் கொண்டுவந்தார். பிஸ்கட்டை ஒரு தட்டில் கொட்டினார். என் போனை வாங்கி உள்ளே வைத்து மூடினார். தன்னுடைய போனில் இருந்து என் நம்பருக்கு எடுத்தார்.

தகரத்துக்குள் அது அடித்தது. மேசையே அதிர்ந்தது. அருளப்பு "பாத்தியா, பாத்தியா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இது யாழ்ப்பாணம் டொக்டர்," என்றேன். "கோபுரம் யன்னலுக்குள்ளால தெரியுது. நாரந்தனையில ஒரு கோடு."

அவர் தகரத்தைத் திறந்து போனை என்னிடம் தந்தார். "ஓம். அங்க அடிக்காமல் விட்டிருக்கலாம்," என்றார். "உங்கட பிழை இல்லையெண்டு நான் சொன்னா நீங்கள் நம்பப்போறதில்லை. அவர் அண்டைக்கு எடுத்தவரோ எண்டு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாமல் இருக்கிறதுக்கு என்னட்டக் குளிசை இல்லை அம்மா. போனைக் கீழ வைக்கப் பழக்கலாம். அதை மட்டும் செய்வம்."

என்னை ஆறுதல்படுத்தாத அந்த மனிசனில் அன்றுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

தகரத்தை விட்டுப் பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டியில் தொடங்கினேன். ஐந்து நிமிடம். பத்து. ஒரு பொக்கற்றைப் பிரித்தேன், இரண்டு நாள் கழித்து அதைத் திரும்பத் தைத்தேன். ஐப்பசியில் ஒரு நாள், அருளப்புவின் வள்ளம் வரும்போது போன் இல்லாமல் கரைக்குப் போய் மீன் தெரிந்தெடுத்தேன். "ஆர் இந்தப் புதுப் பொம்பிளை?" என்று அவர் வள்ளத்தில் இருந்து கத்தினார். அடுத்த கிழமை குந்துமணி அளவு சத்தம் கேட்டு மீண்டும் கிணற்றடிக்கு ஓடினேன். முன்னுக்குப் போவதும் பின்னுக்கு வருவதுமாகத்தான் இந்த நோய் மாறும். பின்னுக்கு வந்த நாளில் உங்களை நீங்களே ஏச வேண்டாம். நான் ஏசிப் பார்த்தேன், ஒரு பலனும் இல்லை.

கார்த்திகை மழையில் ஒரு பின்னேரம் படலையைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு பை, பக்கத்தில் ஆறு வயதுப் பெண்பிள்ளை. படத்தில் மட்டும் பார்த்திருந்தபடியால் கிட்ட வரும்வரை எனக்குத் தெரியவில்லை. சீலனின் மனைவி வசந்தி. முகாமில் இருந்து விட்டிருந்தார்கள்.

அவளுக்குப் பின்னால் படலையைப் பார்த்தேன். வேறு ஒருவரும் வரவில்லை.

"அவர் இல்லை மச்சாள்," என்றாள். "உயிர்த்த ஞாயிறு முடிஞ்சு நாலாம் நாள். செல் விழுந்தது. பங்கருக்குப் பக்கத்திலயே தாட்டனாங்கள். உங்கட நம்பர் அவருக்குத்தான் பாடம், எனக்குத் தெரியாது. கடிதம் எழுத இருந்தனான். எழுதினா அவர் செத்தது உண்மையாப் போயிடும் எண்டு விட்டிட்டன்."

ஏழு மாதம். நான் குளிக்காமல், சாப்பிடாமல் காத்திருந்த அத்தனை நாளும் அழைப்பதற்கு அவன் இருக்கவில்லை. அழுதேனோ தெரியவில்லை. அருளப்பு அழுதார்.

கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை. வசந்தி தானாகவே சொன்னாள்.

"பெரிய வெள்ளியண்டு எடுத்தவர். மத்தியானத்துக்குப் பிறகு. கோல் போகேல்லை எண்டபடியா அந்தப் போன்காரன் திரும்பத் திரும்ப எடுக்க விட்டவன். நாலைஞ்சு தரம் எடுத்தவர். பிறகு சிரிச்சார். 'இண்டைக்குப் பெரிய வெள்ளியெல்லே, அக்கா கோயில்ல நிப்பா, அதுதான் போனை நிப்பாட்டியிருக்கிறா. நல்லது, எங்களில ஒராளெண்டாலும் கோயில்ல நிக்குது' எண்டு சொன்னவர்."

நான் தகரத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமி, நீங்கள்தானே போனில கதைச்சனீங்கள்?"

எனக்கு விளங்கவில்லை. வசந்தி தலையைக் குனிந்தாள். "அவர் அண்டைக்கு இவளுக்கும் காதில வச்சவர் மச்சாள்," என்றாள்.

பிள்ளை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்வது போல் சொன்னாள்: "நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தற்சமயம் தொடர்புகொள்ள முடியாதுள்ளது. தயவுசெய்து சற்று நேரத்தின் பின்னர் முயற்சிக்கவும்."

ஒரு சொல் பிசகவில்லை. பதிவு செய்த அந்தப் பெண்ணின் இழுவையும் அப்படியே இருந்தது. பங்கருக்குள் இருந்த நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்திருப்பாள். முகாமிலும் சொல்லியிருப்பாள்.

"நீங்கள்தானே?"

"ஓம்," என்றேன். "நான்தான்."

அவள் திருப்தியாகத் தாயைப் பார்த்தாள். நான் குசினிக்குப் போய் அடுப்பு மூட்டினேன். பிள்ளைக்குப் பால் ஆற்றினேன், முட்டை பொரித்தேன், தலை துவட்டினேன், ஈரச் சட்டையைக் கழற்றி என்னுடைய ஒன்றை வெட்டிச் சிறிதாக்கிப் போட்டுவிட்டேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அருளப்பு கிணற்றடியில் இருந்து போனை எடுத்துக்கொண்டு வந்தார். கல்லில் மழைக்குள் கிடந்து அது செத்துப்போயிருந்தது. மூன்று மணி நேரம் அதை மறந்திருக்கிறேன்.

இப்போது மார்கழி. வசந்தியும் பிள்ளையும் எங்களோடுதான். குளிசை பாதியாகக் குறைந்திருக்கிறது. தகரத்தில் கவரேஜ் இல்லாததை ஒரு நாள் வசந்திக்குச் சொன்னேன். அவள், "அவருக்கு நீங்கள் கோயில்ல நிண்டதுதான் தெரியும் மச்சாள்," என்றாள். மெசினை வீட்டுக்குள் எடுத்துவிட்டேன். பதினொரு பொக்கற்றையும் பிரித்தாகிவிட்டது. நூல் போன இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் சட்டைகளில் தெரிகின்றன. தோய்க்கத் தோய்க்க மூடிவிடும் என்று பெண்களுக்குச் சொல்வேன், அது எல்லாத் துணிக்கும் சரிவராது.

பின்னேரங்களில், மூன்று மணிக்குக் கிட்டவாக, இடுப்பில் அந்த உள்ளங்கை அளவு இடம் இன்னமும் அதிரும். முன்பு போல் நான் பொத்திப் பிடிப்பதில்லை. மெசினை நிறுத்தாமல் தைக்கிறேன். நாலைந்து தரம் அதிர்ந்துவிட்டு நிற்கும். அக்கா கோயிலில் நிற்கிறாள் என்று நினைத்து அவன் வைத்துவிடுகிறான்.